டி1ஆ, டி2ஆ? வயித்துப் புற்றுநோய் ஆபரேஷன்ல நெறி முடிச்சு எவ்வளவு தூரம் எடுக்கணும்

வைகாசியில தேவகோட்டைல ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன், பந்தி முடிஞ்சு முகப்புத் திண்ணையில உக்காந்திருக்கப்ப பெரியப்பச்சி மகன், எனக்கு அண்ணன் முறை, ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டாந்து என் மடியில வச்சாரு, உள்ள எண்டாஸ்கோப்பி ரிப்போர்ட், பயாப்ஸி ரிப்போர்ட், சிடி ஸ்கேன் எல்லாம். "தம்பி, ஒரு டாக்டர் டி1 போதும்கிறாக, இன்னொருத்தக டி2 பண்ணியே ஆகணும்கிறாக, எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியல, நீ லேப்ல இருக்கவன்தானே, நீயே சொல்லு"ன்னாரு. வயித்துப் புற்றுநோய் ஆபரேஷன்ல சுத்தி இருக்கற நெறி முடிச்சை எது வரைக்கும் எடுக்கறதுங்கறதுக்கு வச்ச பேருதான் இந்த டி1, டி2. அதுக்கப்புறம் பள்ளத்தூர்ல இருந்து ஒருத்தர், காரைக்குடி செக்காலை ரோட்டுல இருந்து ஒரு ஆச்சி, ரெண்டு பேரும் அதே கேள்வியோட போன் பண்ணாங்க, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் டாக்டர் இல்ல. மதுரைல பேத்தாலஜி லேப்ல 19 வருஷமா டெக்னீஷியன். ஆபரேஷன்ல வெட்டி எடுத்த வயிறு, அதாவது இரைப்பை, கெடாம வைக்கற ஃபார்மலின் டப்பாவுல எங்ககிட்டதான் வரும், அதுல இருந்து முடிச்சுகளைத் தேடி எடுக்கற மேசைக்குப் பக்கத்துலதான் என் வேலை. அதனால இந்த விஷயத்தை நான் ஆபரேஷன் தியேட்டர் பக்கத்துல இருந்து பாக்கல, டப்பா வந்து சேர்ற பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். முடிவு உங்க சர்ஜனோட பேசித்தான் எடுக்கணும், அவங்ககிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறதுக்குத்தான் இது.

எதை வச்சு அளக்கறது

நெறி கட்டியிருக்குன்னு நம்ம வீட்டுல சொல்வோம்ல, கழுத்துல அக்குள்ல கையில தட்டுப்படுமே, அதே நிணநீர் முடிச்சுதான் வயித்தைச் சுத்தியும் கொழுப்புக்குள்ள இருக்கு. வயித்துல வந்த புற்றுநோய் வெளிய கிளம்புறப்ப பெரும்பாலும் முதல்ல இதுக்குள்ளதான் போய் உக்காரும். எத்தனை முடிச்சை எடுக்கறதுங்கறதை முடிவு பண்ண அஞ்சு விஷயம் பாக்கணும்:

- கட்டி வயித்துச் சுவருக்குள்ள எவ்வளவு ஆழம் போயிருக்கு
- ஸ்கேன்ல முடிச்சு பெருசா தெரியுதா
- நோயாளியோட உடம்பு எவ்வளவு தாங்கும், வயசு, சர்க்கரை, இதயம்
- ஆபரேஷன் பண்ற கை எத்தனை தடவை இதைப் பண்ணின கை
- எடுத்த பிறகு வர்ற ஸ்டேஜை எவ்வளவு நம்பலாம்

முதல் மூணையும் எல்லா டாக்டரும் சொல்லிடுவாங்க. நாலாவதையும் அஞ்சாவதையும் நாமதான் வாய் திறந்து கேக்கணும், நம்ம ஊர்ல டாக்டர்கிட்ட அப்படிக் கேட்டா மரியாதை இல்லன்னு நினைச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு வந்துடறோம்.

ஆழத்தை இப்படிப் புரிஞ்சுக்கங்க. வயித்தோட உள் தோல்ல மட்டும் இருந்தா டி1ஏ, அதுக்கு அடுத்த அடுக்குல டி1பி, தசைக்குள்ள போனா டி2, தசையைத் தாண்டினா டி3, வெளித்தோலைக் கிழிச்சு வந்துட்டா டி4. இங்கதான் ஒரு பெரிய குழப்பம், ரிப்போர்ட்டுல வர்ற டி2ங்கறது கட்டியோட ஆழம், ஆபரேஷன் பேருல வர்ற டி2ங்கறது முடிச்சு எடுக்கற தூரம், இங்கிலீஷ்ல ஆழம் T, தூரம் D, வேற வேற எழுத்து, தமிழ்ல சொல்றப்ப ஒண்ணு போலக் கேக்கும். எங்க அண்ணனே அதுலதான் குழம்பிட்டாரு. இனி நான் ஆழத்தைச் சொல்றப்ப "ஆழம்"னு சேத்தே சொல்றேன்.

முடிச்சு இருக்கற இடத்தை நம்ம வீட்டை வச்சுச் சொல்றேன்

நம்ம பக்கத்துப் பழைய வீட்டுல முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாப் போகும்ல, முடிச்சும் கிட்டத்தட்ட அப்படித்தான். வயித்தை ஒட்டியே ஓரத்துல இருக்கறது வளவு. வயித்துக்கு ரத்தம் கொண்டு வர்ற பெரிய குழாய்களை ஒட்டி, அதாவது கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போற குழாய்கள் பிரியற இடத்துல இருக்கறது ரெண்டாங்கட்டு. முதுகெலும்புக்கு முன்னால ஓடற பெருநாடியை ஒட்டி இருக்கறது மூணாங்கட்டு. ஜப்பான்காரங்க ஒவ்வொரு இடத்துக்கும் நம்பர் போட்டு வச்சிருக்காங்க, வயித்தை ஒட்டினது 1ல இருந்து 6, பெருநாடிப் பக்கம் 16. உலகம் முழுக்க சர்ஜன்கள் இந்த நம்பர்லதான் பேசிக்கறாங்க.

டி1: வளவோட நிறுத்திக்கறது

வயித்தோட சேந்து ஓரத்து முடிச்சுகளும், இடது பக்கம் வயித்துக்கு வர்ற ரத்தக்குழாய் அடியில இருக்கற 7ம் நம்பரும் வரும். ஆபரேஷன் நேரம் குறைவு, கணையத்துப் பக்கம் கத்தி அதிகம் போகாது, ரத்தப்போக்கும் கம்மி.

யாருக்கு இது நல்லதுன்னா, கட்டி ரொம்ப ஆரம்பத்துல, உள் தோல்ல மட்டும் இருந்து, ஆனா எண்டாஸ்கோப்பி வழியாவே சீவி எடுக்க முடியாத அளவுல இருக்கறவங்களுக்கு. டி1ஏ ஆழத்துல முடிச்சுக்குப் போற வாய்ப்பு ரொம்பக் குறைச்சல், நூத்துக்கு ரெண்டு மூணு பேர்தான். (அதுலயும் சின்னதா, செல்கள் ஒழுங்கா இருக்கற வகையா, புண் இல்லாம இருந்தா ஆபரேஷனே வேண்டாம், எண்டாஸ்கோப்பிலயே எடுத்துடலாம், அதைக் கேக்காம வயித்தை வெட்டக் குடுத்துடாதீங்க.) இன்னொரு கூட்டம், 80 வயசு, இதயம் பலவீனம், பெரிய ஆபரேஷன் தாங்காதுங்கறவங்க. அவங்களுக்கு டி1 பண்ணிட்டு நிறுத்தறதுல தப்பே இல்ல.

மறைஞ்ச செலவு என்னன்னா, கட்டி ஆழமா இருந்து டி1 மட்டும் பண்ணிட்டா, ரெண்டாங்கட்டுல இருக்கறது அங்கயே தங்கிடும், அதைச் சரிக்கட்ட பின்னாடி கீமோவோட ரேடியேஷனும் சேக்கணும்னு சொல்ல வாய்ப்பு அதிகம். ரேடியேஷன்னா வழக்கமா 25 தடவை, திங்கள்ல இருந்து வெள்ளி வரை, அஞ்சு வாரம். காரைக்குடில இருந்து மதுரை 90 கிலோமீட்டர் சுமார், திருச்சியும் அதே அளவுதான், வயிறு வெட்டின ஆள் தினம் போய்ட்டு வர முடியுமா, அங்கயே ரூம் எடுக்கணும், கூட ஒரு ஆள் வேலையை விட்டுட்டு இருக்கணும். சின்ன ஆபரேஷன்னு நினைச்சது கடைசில பெரிய செலவா வந்து நிக்கும்.

டி1+: நடுவுல ஒண்ணு

டி1ஓட ரெண்டாங்கட்டு வாசல்ல இருக்கற 8, 9ம் நம்பரையும் சேத்து எடுக்கறது, முழு வயிறு எடுத்தா மண்ணீரல் குழாயோட ஆரம்பத்துல இருக்கறதையும் சேப்பாங்க. ஆரம்ப நிலைதான் ஆனா ரெண்டாவது அடுக்கு வரை இறங்கிடுச்சு, ஸ்கேன்ல முடிச்சு தெரியலங்கறவங்கள்ல நிறைய பேருக்கு இதுதான் பொருத்தம். டி1பி ஆழத்துல அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு முடிச்சுல போயிருக்கும், அதனால வெறும் டி1னு விடறது நிறைய பேருக்குச் சரியா வராது. நம்ம பக்கத்துல இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சு வர்றவங்க குறைவு, சாப்பாடு இறங்கல, எடை குறையுதுன்னு வர்றப்ப பெரும்பாலும் தாண்டிப் போயிருக்கும், அதனால இதை இத்தோட விடறேன்.

டி2: ரெண்டாங்கட்டு முழுசும்

கட்டி தசை வரைக்கும் அல்லது அதுக்கு மேல போயிருந்தா, இல்ல ஸ்கேன்ல முடிச்சு சந்தேகமா இருந்தா, உடம்பும் தாங்கும்னா, இதுதான் இன்னிக்கு ஜப்பான், கொரியா, ஐரோப்பா எல்லா இடத்துலயும் சொல்றது. ஆனா இந்த முடிவுக்கு வர 20 வருஷத்துக்கு மேல சண்டை போட்டிருக்காங்க, அந்தக் கதை தெரிஞ்சாதான் ரெண்டு டாக்டர் ஏன் ரெண்டு விதமாச் சொல்றாங்கன்னு புரியும்.

நெதர்லாந்துல 1989ல இருந்து 1993 வரை 80 ஆஸ்பத்திரில ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு, குணப்படுத்தற நோக்கத்தோட ஆபரேஷன் ஆன 711 பேர், டி1ஆ டி2ஆன்னு சீட்டுக் குலுக்கற மாதிரி பிரிச்சாங்க. டி2 பண்ணினவங்கள்ல 10 சதவீதம் பேர் ஆபரேஷனை ஒட்டியே இறந்துட்டாங்க, டி1ல 4 சதவீதம். சிக்கல் வந்தவங்க 43க்கு 25. அஞ்சு வருஷம் கழிச்சுப் பாத்தா உயிரோட இருக்கறவங்க 47க்கு 45, கிட்டத்தட்ட ஒண்ணுதான். பிரிட்டன்ல 400 பேர்கிட்ட நடந்த ஆய்வும் இதே மாதிரி, டி2ல 13 சதவீதம் பேர் இறந்தாங்க, டி1ல 6.5. அப்ப படிச்ச டாக்டர்கள் டி2ன்னாலே பயப்பட்டதுல நியாயம் இருக்கு.

ஆனா அவங்க அப்ப என்ன பண்ணினாங்கன்னு பாக்கணும். முழு வயிறு எடுக்கறப்ப முடிச்சை முழுசா எடுக்கணும்னு மண்ணீரலையும் கணையத்தோட வால் பகுதியையும் சேத்தே எடுத்தாங்க, இறப்பு கூடினதுக்கு முக்கியமான காரணம் அதுதான். இன்னொண்ணு, 80 ஆஸ்பத்திரில நாலு வருஷத்துல மொத்தம் 331 டி2, பிரிச்சுப் பாத்தா ஒரு ஆஸ்பத்திரிக்கு வருஷத்துக்கு ஒண்ணுதான். வருஷத்துக்கு ஒரு தடவை பலகாரம் சுடறவங்க கைக்கும் தினம் அடுப்புல நிக்கறவங்க கைக்கும் வித்தியாசம் இருக்குமா இருக்காதா.

அதே ஆளுங்களை 15 வருஷம் விடாம பாத்து 2010ல வெளியிட்டாங்க. புற்றுநோயாலயே இறந்தவங்க டி1ல 48 சதவீதம், டி2ல 37. அதே இடத்துல திரும்ப வந்தது 22க்கு 12. ஆக முழுசா எடுத்ததுக்குப் பலன் இருந்திருக்கு, ஆபரேஷன் மேசைல போன உயிருங்க அந்தப் பலனை மறைச்சிருச்சு. இத்தாலியில பின்னாடி பழகின சர்ஜன்கள் மண்ணீரலைத் தேவையில்லாம எடுக்காம பண்ணினப்ப டி2ல இறப்பு 2.2 சதவீதம், டி1ல 3, ரெண்டும் ஒண்ணுதான்னு ஆயிருச்சு. மண்ணீரலைப் பத்தி ஜப்பான்ல 505 பேர்கிட்ட தனியாவே பாத்தாங்க, இரைப்பையோட மேல் பகுதிக் கட்டி, வெளிப்பக்க வளைவைத் தொடாததுன்னா மண்ணீரலை எடுத்து எந்த லாபமும் இல்ல, சிக்கல்தான் கூடுது.

அதனால யாராச்சும் டி2 பண்றேன்னு சொன்னா அடுத்த கேள்வி, மண்ணீரலை விட்டுடுவீங்களா. எடுத்தே ஆகணும்னா ஏன்னு கேளுங்க, எடுக்கறதா இருந்தா நிமோனியா மாதிரிக் கிருமிகளுக்கான தடுப்பூசி முன்னாடியே போடணும், அதையும் கேளுங்க.

டி2ஓட மறைஞ்ச செலவு கணையத்துலதான். கணையத்து மேல் ஓரத்தை ஒட்டியே முடிச்சை உரிச்சு எடுக்கறாங்க, அங்க லேசாக் காயம்பட்டாக்கூட அதோட நீர் கசிஞ்சு சுத்தி இருக்கறதை அரிக்கும். அதுக்குத்தான் வயித்துல டியூப் வச்சு அனுப்பறது, அந்தத் தண்ணியை எங்க மாதிரி லேபுக்கு அனுப்பி, கணைய நீர்ல இருக்கற அமைலேஸ்ங்கற பொருள் எவ்வளவுன்னு பாப்பாங்க. கசிவு வந்தா ஆஸ்பத்திரி நாள் ரெட்டிப்பாகும். ராத்திரில ரத்தம் கசிஞ்சாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே பாக்க ஐசியூவும், ரத்தக்குழாயை ஊசி வழியா அடைக்கற வசதியும், சிடி எடுக்கற வசதியும் அதே கட்டடத்துல இருக்கணும். இந்த வசதி இல்லாத இடத்துல டி2 பண்றதைவிட வசதி இருக்கற இடத்துக்குப் போறதுதான் வழி, டி1னு குறைச்சுக்கறது இல்ல.

லேப்ராஸ்கோப்பியா (சின்ன ஓட்டை வழியா கேமரா விட்டுப் பண்றது), வயித்தைத் திறந்தான்னும் கேப்பாங்க. கொரியாவுலயும் சீனாவுலயும் இரைப்பையோட கீழ்ப் பகுதிக் கட்டிக்கு டி2ஐ லேப்ராஸ்கோப்பில பண்ணிப் பாத்து மூணு வருஷத்துல முடிவு ஒண்ணாத்தான் இருக்குன்னு காமிச்சிருக்காங்க, ஆனா அது நூத்துக்கணக்குல பண்ணின கைகள். சின்னத் தழும்புக்காக ஆளை மாத்தாதீங்க.

மூணாங்கட்டும் சேத்து எடுக்கறது

இன்னும் கொஞ்சம் எடுத்தா இன்னும் நல்லதுதானேன்னு தோணும். ஜப்பான்லயே 523 பேர்கிட்ட பாத்துட்டாங்க, டி2 மட்டும் பண்ணினவங்கள்ல அஞ்சு வருஷம் இருந்தவங்க 69.2 சதவீதம், பெருநாடி முடிச்சும் எடுத்தவங்கள்ல 70.3. ஒரு மணி நேரம் கூடுதல் ஆபரேஷன், கூடுதல் ரத்தம், பலன் இல்ல. 2008ல இது வந்த பிறகு முன்னெச்சரிக்கையா இதைப் பண்றது நின்னுபோச்சு. யாராச்சும் "எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடறேன்"னு பெருமையாச் சொன்னா அசந்து போயிடாதீங்க.

| எதைப் பாக்கறோம் | டி1 | டி1+ | டி2 | பெருநாடி முடிச்சும் |
|---|---|---|---|---|
| எவ்வளவு தூரம் | வளவு மட்டும் | ரெண்டாங்கட்டு வாசல் வரை | ரெண்டாங்கட்டு முழுசும் | மூணாங்கட்டு |
| யாருக்கு | உள் தோல் கட்டி, தாங்காத உடம்பு | ரெண்டாவது அடுக்கு வரை, முடிச்சு தெரியாதவங்க | தசை வரை அல்லது மேல, இல்ல முடிச்சு சந்தேகம் | வழக்கமா யாருக்கும் இல்ல |
| ஆபத்து | கம்மி | கொஞ்சம் கூட | பழகின கையில டி1 போலவே, பழகாத கையில ரொம்ப அதிகம் | டி2ஐ விட அதிகம் |
| ஸ்டேஜை நம்பலாமா | முடிச்சு எண்ணிக்கை குறையலாம் | ஓரளவு | நல்லா நம்பலாம் | கூடுதல் லாபம் இல்ல |
| மறைஞ்ச செலவு | பின்னாடி ரேடியேஷன் | ஆழம் தப்பா கணிச்சிருந்தா போதாம போகலாம் | கணையக் கசிவு, கூடுதல் நாள் | நேரம், ரத்தம் |

இப்ப என் மேசைக்கு வர்றேன்: எண்ணிக்கை

ஸ்கேன்ல தெரியறது ஒரு கணிப்புதான். வீங்கின முடிச்சு வெறும் அழற்சியா இருக்கலாம், சின்னதாத் தெரியற முடிச்சுக்குள்ள புற்று உக்காந்திருக்கலாம். நிஜமான முடிச்சு ஸ்டேஜ் மைக்ராஸ்கோப்புக்கு அடியிலதான் வரும், அதுவும் எண்ணிக்கையை வச்சு. 1 அல்லது 2 முடிச்சுல இருந்தா என்1, 3ல இருந்து 6 வரை என்2, 7ல இருந்து 15 வரை என்3ஏ, 16ம் அதுக்கு மேலயும் என்3பி. இந்த எண்ணிக்கைக்கு அர்த்தம் வரணும்னா குறைஞ்சது 16 முடிச்சாவது பாத்திருக்கணும், 30 பாத்தா இன்னும் நல்லதுன்னு விதியே இருக்கு.

எங்க அயித்தைக்கு ஆறுதான் பாத்திருந்தாங்க. ஒரு ஆஸ்பத்திரில ஆபரேஷன் ஆச்சு, கட்டி தசை வரை, ரிப்போர்ட்டுல "முடிச்சு 6, எதுலயும் புற்று இல்லை"ன்னு போட்டிருந்துச்சு. வீடே சந்தோஷப்பட்டுச்சு, பிள்ளையார்பட்டிக்குப் போய் அர்ச்சனை பண்ணிட்டு வந்தாங்க, கீமோ வேண்டாம்னு சொல்லிட்டாங்க. 14 மாசத்துல வயித்துக்குப் பின்னால முடிச்சுல வந்துருச்சு. அந்த ரிப்போர்ட் என் கைக்கு வந்தது அப்பத்தான். அதே லைன்ல வேலை பாக்கற நான் அயித்தைகிட்ட ரிப்போர்ட்டைக் காமிங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை. ஆறைப் பாத்து "இல்லை"ன்னா பாத்த ஆறுல இல்லைன்னு அர்த்தம். முப்பதைப் பாத்து "இல்லை"ங்கறது வேற விஷயம்.

ஏன் குறையுதுன்னா ரெண்டு இடத்துல குறையும். சர்ஜன் கொழுப்பை முழுசா எடுக்கலைன்னா குறையும், எடுத்தும் லேப்ல தேடலைன்னாலும் குறையும். வயித்தைத் திறந்து பலகையில குத்தி ஒரு ராத்திரி ஃபார்மலின்ல ஊறவச்சு, மறுநாள் அந்த மஞ்சக் கொழுப்பை விரல்ல நசுக்கி நசுக்கித் தேடணும், சில முடிச்சு துவரம்பருப்பு அளவு இருக்கும், சிலது கடுகு அளவுதான், அரிசில கல் பொறுக்கற மாதிரி பொறுமை வேணும். கீமோ குடுத்துட்டு வந்த கேஸ்ல முடிச்சு சுருங்கி நார் மாதிரி ஆயிருக்கும், இன்னும் கஷ்டம். சர்ஜன் தியேட்டர்லயே கொழுப்பைப் பிரிச்சு, இது 7ம் நம்பர், இது 8ம் நம்பர்னு தனித்தனி டப்பாவுல லேபிள் ஒட்டி அனுப்பினா எங்களுக்கு எண்ணிக்கை சட்டுன்னு கூடும். மொத்தமா ஒரே டப்பாவுல வந்தா, அவசரத்துல இருக்கற ஆள் 10 கிடைச்சதும் நிறுத்திடுவான்.

குறைவான எண்ணிக்கை வந்தா உடனே ஒண்ணு பண்ணலாம், இது நிறைய பேருக்குத் தெரியாது. லேப்ல மீதிக் கொழுப்பை உடனே தூக்கிப் போட மாட்டாங்க, ரிப்போர்ட் வந்து சில வாரம் வச்சிருப்பாங்க. "16க்குக் கீழ இருக்கு, திரும்பத் தேடுங்க"ன்னு டாக்டர் மூலமா கேட்டா திரும்பத் தேடுவோம், நானே அப்படி ஒரு கேஸ்ல 9ஐ 21 ஆக்கியிருக்கேன், அதுல ரெண்டுல புற்று இருந்துச்சு.

எங்க போறது, காசுக்கு என்ன

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை இருக்கு, அந்த ஆஸ்பத்திரில இந்த ஆபரேஷன் அதுல வருதா, கீமோவும் வருதான்னு ரெண்டையும் தனித்தனியாக் கேளுங்க. மதுரை, திருச்சி ரெண்டும் பக்கம். 1954ல முத்துலட்சுமி ரெட்டி அம்மா ஆரம்பிச்ச அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கு நம்ம ஆளுங்க காலையில பல்லவன் ரயில் ஏறிப் போயிடறாங்க, ஆனா ஆபரேஷனை அங்க வச்சுக்கிட்டா பின்னாடி கீமோவை எங்க பண்றதுன்னு முன்னாடியே யோசிச்சுக்கங்க. ஆழம் டி2 அல்லது அதுக்கு மேல இருந்தா இப்பல்லாம் பெரும்பாலும் ஃப்ளாட்ங்கற கீமோவை ஆபரேஷனுக்கு முன்ன நாலு தடவை, பின்ன நாலு தடவைன்னு ரெண்டு வாரத்துக்கு ஒண்ணாக் குடுக்கறாங்க, எட்டு தடவையும் சென்னை போக யாராலயும் முடியாது, கீமோவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஆபரேஷனுக்கு மட்டும் பழகின கையைத் தேடிப் போறதுதான் நான் எங்க அண்ணனுக்குச் சொன்னது. இதுக்கெல்லாம் முன்னாடி அண்ணனுக்கு லேப்ராஸ்கோப்பி விட்டு வயித்துக்குள்ள சுத்தமா இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கிட்டாங்க. வயித்துச் சவ்வுல பரவியிருந்தா முடிச்சுப் பேச்சுக்கே இடமில்ல, அதை சிடி பல நேரம் தவறவிட்டுடும்.

சர்ஜன்கிட்ட அண்ணன் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டுப் போய் நாலே கேள்வி கேட்டாரு. வருஷத்துக்கு எத்தனை வயித்துப் புற்றுநோய் ஆபரேஷன் பண்றீங்க, எனக்கு எது வரைக்கும் எடுப்பீங்க ஏன், மண்ணீரல் இருக்குமா, உங்க கேஸ்ல லேப் ரிப்போர்ட் வழக்கமா எத்தனை முடிச்சு காட்டுது. முதல் ஆஸ்பத்திரில கடைசிக் கேள்விக்குக் கோவப்பட்டாங்க. ரெண்டாவது இடத்துல அந்த டாக்டர் சீட்டை வாங்கிப் படிச்சுட்டு, பழைய ரிப்போர்ட் நாலஞ்சைப் பேரை மறைச்சு எடுத்துக் காமிச்சாங்க, எல்லாம் 25க்கு மேல. அங்கயே டி2 பண்ணிக்கிட்டாரு, இரைப்பையோட கீழ்ப் பகுதியை மட்டும் எடுத்தாங்க, மண்ணீரலைத் தொடலை. நாலாம் நாள் கொஞ்சம் கசிவு, டியூபைப் பத்து நாள் கூட வச்சிருந்தாங்க, தானா நின்னுருச்சு.

ரிப்போர்ட்டுல 29 முடிச்சு, மூணுல புற்று. என்2. ஆறு மட்டும் பாத்திருந்தா அந்த மூணும் தட்டுப்பட்டிருக்குமான்னு நான் ராத்திரில நினைச்சுக்கிட்டே படுத்திருந்தேன். பின்னாடி நாலு கீமோல ரெண்டு முடிஞ்சிருச்சு. இப்ப ஒரு நாளைக்கு ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடறாரு, இனிப்பு அதிகமானா படபடன்னு வேர்த்துக் கொட்டுது, அதனால கார்த்திகைக்குப் பண்ணின கவுனி அரிசில ஒரு ஸ்பூன்தான் அண்ணி குடுத்தாக. மூணாவது கீமோ வர்ற வியாழக்கிழமை, நான் லீவு சொல்லியிருக்கேன்.